மேலிருந்து மகாலைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்போது ட்ரோன் இல்லாத ஸ்டுடியோ குறைவு. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று பறக்கவிட்டுப் பழகிய பிள்ளைகள் நாயக்கர் மகால் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள், வரவேற்பறைச் சுவருக்கு இயற்கைக் காட்சி வேண்டாம், நம் ஊர் அரண்மனை வேண்டும், அதுவும் மேலிருந்து எடுத்ததாக வேண்டும் என்று கேட்கிறார்கள். நல்ல ஆசை. ஃபிலிம் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். கடைக்கு வந்து கேட்கும் தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்லிவருவதை இங்கே எண் போட்டு எழுதிவைக்கிறேன்.

1. முதல் தடவை ட்ரோனைக் கொண்டுபோகாதீர்கள். கேமராவும் வேண்டாம். வெறுங்கையோடு போய் மகாலைச் சுற்றி நடங்கள்.

நமக்கு எட்டும் தூரத்தில் திருமலை நாயக்கர் பெயரில் இரண்டு மகால்கள் இருக்கின்றன. ஒன்று வில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்தில். அளவில் சின்னது. மற்றொன்று மதுரையில், 1636-இல் கட்டியது. மதுரை மகாலுக்குள் போனவர் எவரும் முதலில் சொல்வது தூண்களைத்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்கக் கஷ்டமான பருமன். அடுத்து சுதைவேலை, வளைவுகள், சொர்க்க விலாசம் என்ற மண்டபத்தின் விதானம்.

இனி இதை யோசியுங்கள். மேலே போய்க் கேமராவை நேர்க்கீழாகத் திருப்பினால் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. தூண் போய்விடும். வளைவு போய்விடும். விதானத்தின் உள்ளழகு போய், அதன் முதுகு மட்டும் கும்மட்டமாகத் தெரியும். எந்த அழகுக்காக அந்தக் கட்டடம் பேர்பெற்றதோ அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் நீங்கள் மேலே போகிறீர்கள். அங்கே கிடைப்பது வேறு கட்டடம்: ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றிய தட்டுமாடி, கும்மட்டங்கள், சுவர் முடிகிற விளிம்பு, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர். அந்த வேறு கட்டடத்தை மனதுக்குள் வரைந்து பார்க்கத்தான் இந்த வெறுங்கை நடை. ஒரு காகிதத்தில் கட்டடத்தின் தரைப்படத்தைத் தோராயமாகப் போடுங்கள். கிழக்கு எது, வாசல் எது, மரம் எங்கே, மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. இந்த அரண்மனை சுவரில் படமாக மாட்டப்படுவது உங்களால் தொடங்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், 1792-இல் தெற்கே வந்தபோது மதுரை அரண்மனையை வரைந்தார்கள். அவை அச்சுப்படங்களாகி இங்கிலாந்தில் பணக்கார வீடுகளுக்குள் போயின. அவர்கள் வரைந்தது பாதி இடிந்த அரண்மனை. அடுத்து 1858-இல் லின்னேயஸ் டிரைப், மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர், பெரிய மரக் கேமராவோடு மதுரைக்கு வந்து மகாலைப் படமெடுத்தார். அதே 1858-இல்தான் பாரிஸ் நகரத்துக்கு வெளியே நதார் என்ற புகைப்படக்காரர் கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி, மேலிருந்து முதல் புகைப்படத்தை எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. 1860-இல் பாஸ்டன் நகரத்தின்மேல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்ததுதான் மிஞ்சியவற்றில் பழையது. ஒரே ஆண்டில் தரையிலிருந்து நம் மகாலை ஒருவரும், வானத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் கிராமத்தை இன்னொருவரும் எடுத்தார்கள். அந்த இரண்டு வேலையும் உங்கள் கையில் ஒன்றுசேர்கின்றன.

டிரைப் எடுத்த பிறகுதான் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில், 1866 முதல் 1872 வரை, மகாலைப் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்ப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று இன்று அறிய, டேனியல்களின் ஓவியங்களும் டிரைப்பின் படங்களும் கண்ணால் காணும் சாட்சி. அழகுக்காக எடுத்த படமும் பிற்பாடு சாட்சியாகிவிடும். ஆகவே பொய்யில்லாமல் எடுங்கள். மற்ற எல்லா அறிவுரைக்கும் அடியில் இருப்பது இதுதான்.

3. அனுமதி வாங்காமல் விசிறி சுழலக்கூடாது.

இரண்டு மகால்களும் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வசம் உள்ளவை. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், விற்பீர்களா, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ட்ரோன் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வாசலில் நிற்கும் காவலாளியிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிரச்சினை வந்தால் பாதிக்கப்படுவது அவர் வேலைதான்.

அடுத்தது வானத்துக்கான அனுமதி. 2021-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். மைக்ரோ ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். பிரிண்ட் போட்டு விற்றால் அது தொழில்தான். அரசின் வரைபடத்தில் பச்சையாகக் குறித்த மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரைதான் போகலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் அந்த உச்சவரம்பு 200 அடி. அதைவிடப் பக்கத்தில் என்றால் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. வில்லிபுத்தூருக்கு இந்தக் கவலை இல்லை. மதுரை மகாலுக்கு உண்டு. விமான நிலையமும் தூரமில்லை, மீனாட்சியம்மன் கோயிலும் கூப்பிடு தூரம். பறக்கும் நாளன்று காலையில் அரசின் வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள், காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள். போன மாதம் பச்சையாக இருந்தது இந்த மாதமும் பச்சை என்று நம்பக்கூடாது.

நமக்கு மேற்கே இன்னொரு எல்லை இருக்கிறது. மலையடிவாரத்தைத் தாண்டினால் 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். மகாலை எடுத்துமுடித்த கையோடு, பின்னால் மலை அழகாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் ஓட்டிப்போகிற ஆசை எல்லோருக்கும் வரும். வனத்துறை அனுமதியில்லாமல் கூடவே கூடாது. சாம்பல் நிற அணிலுக்கும் யானைக்கும் அந்த இரைச்சல் என்ன செய்யும் என்று நமக்குப் புரியாது.

4. கோயிலுக்கு அருகில் பறப்பதால் ஒரு மரியாதை. கருவறை விமானத்துக்கு நேர்மேலே கொண்டுபோகாதீர்கள். சட்டம் பேசிக்கொண்டிருக்க வேண்டிய விஷயமில்லை. கும்பிடுகிறவர்கள் மனம் நோகும். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் கூட்டத்தின் தலைக்குமேல் பறக்கவிடுவது அதைவிடப் பெரிய தவறு. விழுந்தால் கீழே குழந்தை நிற்கும்.

5. சுற்றியுள்ள வீடுகளுக்கு முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள்.

மகாலைச் சுற்றி ஜனம் குடியிருக்கிறது. மொட்டைமாடியில் வற்றல் காயும், துணி காயும், தலைக்குக் குளித்த பெண்பிள்ளைகள் முடி உலர்த்த ஏறுவார்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் தலைக்குமேல் ஒரு கேமரா வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வீடு வீடாகப் போய், "அக்கா, நாளைக்குக் காலையில் மகாலை மேலிருந்து படம் எடுக்கிறோம், அரை மணி நேரம்தான்" என்று சொல்லுங்கள். பெரியவர் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சுவர் எப்போது விழுந்தது, எந்த மரம் யார் நட்டது என்று அவர்கள் சொல்வது உங்கள் படத்துக்கு உதவும். படத்தில் முகம் தெரியும்படி யாராவது விழுந்திருந்தால் அந்தப் பிரேமை விட்டுவிடுங்கள். வேறு பிரேம் கிடைக்கும்.

6. வெயிலைப் படியுங்கள். மேலிருந்து எடுக்கும் படத்தில் கட்டடத்தின் உயரத்தைச் சொல்வது நிழல் ஒன்றுதான்.

நேர்க்கீழாகப் பார்க்கும் கேமராவுக்குக் கோபுரமும் திண்ணையும் ஒன்று. இரண்டும் தட்டையான வடிவம்தான். எது உயரம், எது பள்ளம் என்று பார்ப்பவர் கண்டுகொள்வது நிழலின் நீளத்தை வைத்து. ஆகையால் நிழல் எந்த மாதம், எந்த மணிக்கு, எந்தப் பக்கம் விழும் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரை பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு தடவை உச்சிவெயில் நேர் தலைக்குமேல் வரும். ஒன்று சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, ஏப்ரல் நடுவில். மற்றொன்று ஆவணியில், ஆகஸ்ட் கடைசியில். அந்த நாட்களில் பகல் பன்னிரண்டு இருபது வாக்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. பொதுவாக அந்த நேரத்தில் மேலிருந்து எடுத்தால் கட்டடம் வரைபடம் மாதிரித் தட்டையாக வரும். ஆனால் ஒரே ஒரு வகைப் படத்துக்கு அதுதான் நேரம். நான்கு பக்கமும் உயர்ந்த கட்டடம் சூழ்ந்த முற்றத்தில், தரை முழுவதும் ஒரு பொட்டு நிழல் இல்லாமல் ஒளி விழுவது அந்த நாட்களின் உச்சியில்தான். மதுரை மகாலின் முற்றத்துக்கு அப்படி ஒரு படம் எடுத்தால் ஆண்டின் மற்ற நாள் எதிலும் எடுத்த படம் அதைப்போல் இருக்காது.

மார்கழியில் கதை வேறு. வெயில் தெற்கே சாய்ந்துவிடும். உச்சிப்பொழுதில்கூட நிழல் வடக்கே, பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு விழும். 192 அடி ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்கு நடுப்பகலில் சுமார் 125 அடி நிழல். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு பார்த்தால் அதே நிழல் 330 அடிக்கு நீளும். அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று வில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தக் கோபுரத்தை, மேலிருந்து எடுக்கும்போது கோபுரமாகக் காட்டுவது அதன் நிழல்தான்.

வைகாசி, ஆனி, ஆடியில் வெயில் வடக்கே போய்விடுவதால், ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் வடக்குச் சுவர்களில் ஒளி படும். சாய்கோணத்தில் வடக்கு முகத்தை எடுக்க வேண்டுமானால் அந்த மாதங்களை விட்டால் அடுத்த ஆண்டுதான். மதுரை மகாலுக்கு வாசல் கிழக்கே என்பதால் காலை வெயில் உள்ளே இறங்கும் நேரம் பொதுவாக நல்ல நேரம்.

காற்றின் தெளிவையும் பாருங்கள். பங்குனி, சித்திரையில் புழுதி மூட்டம். தை மாதக் காலையில் பனி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் காலைதான் நமக்கு வரம். அன்று வில்லிபுத்தூரில் எழும்பினால் மகால், கோபுரம், திருமுக்குளம், தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மலை மடிப்பு மடிப்பாக எல்லாம் ஒரே பிரேமில் துல்லியமாக நிற்கும். மழை முடிந்த செய்தி கேட்டதும் பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள்.

7. ஆடிக் காற்றில் பறக்கவிடாதீர்கள். மலையைத் தாண்டி இறங்கும் காற்று நம் பக்கம் ஒரே சீராக வராது, குத்துக்குத்தாக வரும். தரையில் இலை அசையாமல் இருக்கும்போதே நூறு அடிக்குமேல் இழுக்கும். சின்ன ட்ரோன்கள் பெரும்பாலும் விநாடிக்குப் பத்து மீட்டர் காற்றைத்தான் தாங்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று கொண்டுவந்து சேர்க்கட்டும். மாற்றிச் செய்தால் பாதி பேட்டரி இருக்கும்போதே திரும்பினாலும் வீடு வராது. பருந்து சுற்றினால் உடனே இறக்கிவிடுங்கள். அது அதன் வானம். பறவைக்குக் காயம்பட்டு எடுத்த படத்தை எந்தச் சுவரிலும் மாட்ட வேண்டாம்.

8. உயரமாகப் போவதில் பெருமை இல்லை.

ஒரு அங்குல சென்சார், 20 மெகாபிக்சல் உள்ள ட்ரோன் என்று வைத்துக்கொள்வோம். 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர்க்கீழாக எடுத்தால் தரையில் சுமார் 180 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். ஒரு பிக்சலுக்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அறுபது மீட்டருக்கு இறங்கினால் 90 மீட்டர் அகலம், ஒரு பிக்சலுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் சொச்சம். மதுரை மகால் முற்றத்தின் நீளம் ஏறத்தாழ 75 மீட்டர். ஆக, அறுபது மீட்டரே போதும், முற்றம் முழுவதும் பிரேமுக்குள் அளவாக உட்காரும். செங்கல் விளிம்பும், கும்மட்டத்தின் பூச்சு வெடிப்பும், படியும் தெரியும்.

சுவரில் மாட்டும் படத்துக்கு இது முக்கியம். கைபேசியில் பார்ப்பவர் ஒரு நொடி பார்ப்பார். வீட்டுச் சுவரில் இருப்பதைப் பத்து வருஷம் பார்ப்பார்கள். தூரத்தில் நின்றால் ஒரு வடிவம், பக்கத்தில் வந்தால் நூறு விவரம் என்று அந்தப் படம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறடிப் படம் கேட்டால் ஒரே ஷாட்டை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். கீழே இறங்கி, ஒன்றின்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியும்படி வரிசை வரிசையாக எடுத்து ஒட்டுங்கள். பெரிதாக்கித் தருகிற புது மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை இல்லாத செங்கலைத் தாமே வரைந்து கொடுக்கும். பூவுக்கும் முகத்துக்கும் அதைச் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கட்டடத்துக்கு அது கூடாது.

9. ஊரோடு சேர்த்து எடுங்கள். இதைத்தான் நான் வந்தவரிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பலருக்குப் பிடிப்பதில்லை.

கேட்டு வருகிறவர் அரண்மனை மட்டும் தனியாக வேண்டும் என்பார். சுற்றி இருக்கும் நீலத் தண்ணீர்த் தொட்டி, தகரக் கொட்டகை, சோலார் பலகை, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பச்சைப் புல்வெளி போடச் சொல்வார். கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை. செய்யாதீர்கள்.

மதுரை மகாலின் கதையே அந்தச் சுற்றுப்புறத்தில்தான் இருக்கிறது. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனபோது அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து எடுத்துப்போனார். மிச்சம் சிதைந்தது, ஊர் அதற்குள் குடியேறியது. மகாலைவிட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் பத்துத் தூண்கள் தனியாக நிற்கின்றன. பத்துத்தூண் என்றே அந்த இடத்துக்குப் பேர். தரையில் நடக்கிறவருக்கு மகால் ஒரு இடம், பத்துத்தூண் இன்னொரு இடம். நடுவே துணிக்கடைகள், வீடுகள், சைக்கிள் ரிக்‌ஷா, மூட்டை. இரண்டும் ஒரே அரண்மனையின் உறுப்புகள் என்று கண்ணுக்குத் தெரிவது மேலிருந்து மட்டும்தான். ஒரு பிரேமில் மகாலும் அந்தத் தூண்களும் நடுவே நெருங்கிய மாடிகளும் வந்தால், பார்க்கிறவர் போன அரண்மனையின் அளவைத் தன் மனதால் இட்டு நிரப்பிக்கொள்வார். மாடிகளை அழித்துப் புல்வெளி போட்டால் அந்தக் கதை செத்துப்போகும்.

இன்னொன்றும் உண்டு. 1970 வரை மதுரை மகாலில் ஜில்லா கோர்ட் நடந்தது. வழக்குக்கு வந்த சனம் அந்தத் தூணடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றிருக்கும். அரசர் இருந்தது சில பத்தாண்டுகள், சனம் புழங்கியது அதைவிடப் பலமடங்கு. தண்ணீர்த் தொட்டியும் காயும் சேலையும் அரண்மனைக்கு அசிங்கம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பத்மநாபபுரத்தைப்போல் தோட்டமும் மதிலும் விட்டுத் தனித்திருக்கும் அரண்மனை வேறு. நாயக்கர் மகால்கள் ஊருக்குள் இருப்பவை. அப்படியே இருக்கட்டும்.

வேண்டாதது ஒன்று உண்டென்றால் அன்றைக்கு மட்டும் கிடக்கும் சாமான்கள். ஒலி-ஒளிக் காட்சிக்குப் போட்ட நாற்காலிகள், விழாப் பந்தல், குப்பை மூட்டை. அவற்றைக் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டாம். இல்லாத நாளில் போய் எடுங்கள்.

10. வெள்ளையைப் படமெடுக்கப் பழகுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கேமராவைத் தன் போக்கில் விட்டால் ஒன்று அதைச் சாம்பலாக்கிவிடும், இல்லையென்றால் கும்மட்டத்தின் உச்சியை வெறும் வெள்ளைத்தாளாக்கிவிடும். ரா ஃபைலில் எடுங்கள். ஹிஸ்டோகிராமில் வலது ஓரம் இடிக்காமல் பாருங்கள். வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு மகாலுக்குப் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போடுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு அதை எடுத்துப் பாருங்கள். செம்மண்மேல் தூவெள்ளைத் துணி. அதில் நூலின் நெசவு தெரிய எடுத்துவிட்டால் மகாலின் சுதைக்கு நீங்கள் தயார்.

நிறத்தையும் விட்டுவைக்க வேண்டும். மதுரை மகாலின் சுவரில் ஒரு வெளிர் மஞ்சள் பாய்ந்திருக்கும். அதைத் தங்கமாக்குவது, வானத்தை ஊதாவாக்குவது எல்லாம் காலண்டர்காரர் வேலை.

11. மாட்டுவதற்கு முன் படத்தை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

வரைபடப் பழக்கத்தில் வடக்கை மேலே வைக்கத் தோன்றும். நம் கண்ணுக்கோ வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. மார்கழியில் எடுத்த படத்தில் வெயில் தெற்கிலிருந்து வரும், அதாவது வடக்கு மேலாக வைத்தால் கீழிருந்து வரும். அப்போது கண் ஏமாறும். பள்ளமான முற்றம் மேடாகத் தோன்றும், கும்மட்டம் குழியாகத் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நொடியில் சரியாகிவிடும். நிழல் பார்ப்பவரை நோக்கிக் கீழே விழும்படி வைப்பதே நல்லது. நேர்க்கீழ்ப் படத்துக்கு இந்தச் சுதந்திரம் உண்டு, சாய்கோணப் படத்துக்குக் கிடையாது.

12. பிரிண்ட் போடுவதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

20 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 150 புள்ளி கணக்கில் போட்டால் மூன்றடி அகலம் வரும். சுவருக்கு அது தாராளம். ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். அது தெருமுனைக்கு. பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் போடுங்கள். சாயமையில் போட்டது நம் ஊர் வெளிச்சத்தில் சீக்கிரம் நீலம் பாயும். பளபளப்புத் தாளும் சாதாரணக் கண்ணாடியும் போட்டால் எதிர் ஜன்னல்தான் தெரியும், மகால் தெரியாது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு அட்டை விளிம்பு விட்டால் மழைக்காலத்தில் தாள் ஒட்டிக்கொள்ளாது. ஃபிரேம் மெலிதாக இருக்கட்டும். சாமி படத்துக்குப் போடும் தங்கப்பூ ஃபிரேம் இதற்குச் சேராது.

மாட்டும் வீட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் ஆகாது. ஊஞ்சலிலும் தரையிலும் உட்கார்ந்து பேசுகிற கூடம் என்றால், நிற்பவர் கண்ணுக்கு என்று இல்லாமல் உட்கார்ந்தவர் கண்ணுக்குச் சரியாகத் தாழ்த்தி மாட்டச் சொல்லுங்கள். பார்க்கிறவர் ஓரடி தூரத்துக்கு வந்து விரலால் தொட்டு, "இதுதானே நம்ம தெரு" என்று காட்ட இடம் வேண்டும். அதனால் அடியில் சோபாவைப் போட்டு அடைக்காமல் இருந்தால் நல்லது.

13. ஒற்றைப் படத்தோடு நிற்க வேண்டியதில்லை. வில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிகால பூசை ஆனபின்தான் திருமலை நாயக்கர் மதுரையில் சாப்பிடுவார், அந்தச் செய்தியை வழிநெடுக மண்டபம் கட்டி மணியடித்து மதுரைக்குக் கொண்டுசேர்த்தார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்த மண்டபங்களில் சில இன்னும் சாலையோரம் நிற்கின்றன. வில்லிபுத்தூர் மகாலில் தொடங்கி, ஒவ்வொரு மண்டபமாக ஒரே உயரத்தில், ஒரே நேர்க்கீழ்ப் பார்வையில் எடுத்து, மதுரை மகாலில் முடித்தால் ஒரு நீளச் சுவருக்கான வரிசை. இதை யாராவது செய்து பார்க்க எனக்கு ஆசை.

14. படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, மணி, உயரம், எந்தத் திசை நோக்கி, என்னென்ன மாற்றினீர்கள். ஃபைலையும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒரு பிரதியைத் தொல்லியல் துறை அலுவலகத்துக்குக் கொடுங்கள், காசு வாங்காமல். தரையில் நிற்கிறவருக்குத் தெரியாதது மேலிருந்து தெரியும். கும்மட்டத்து வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருப்பது, மழைநீர் போக வழியில்லாமல் தளத்தின் மூலையில் பாசி பிடித்திருப்பது, பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிவது எல்லாம் உங்கள் படத்தில் இருக்கும். சுண்ணாம்புக் கட்டடத்துக்கு முதல் எதிரி தேங்கிய தண்ணீர், இரண்டாவது ஆல், அரசின் வேர். கன்று விரல் பருமனில் இருக்கும்போது பிடுங்கினால் போகும், கை பருமன் ஆனால் சுவரோடு வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஐப்பசி மழைக்கு முன்பு ஒன்றும் மழை ஓய்ந்த பிறகு ஒன்றுமாக, அதே உயரத்தில் அதே இடத்திலிருந்து எடுத்து, மாறியிருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டு வாங்கி வையுங்கள்.